பதினாறு வயது பிட்சர்: முழங்கை முதலில், ஒப்பந்தம் பிறகு

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தின் பிரிஸ்கோ நகரில் வசிக்கிறோம். என் மகனுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறான். இடக்கைப் பழக்கமுள்ள அவன் பள்ளி பேஸ்பால் அணியிலும், வார இறுதிகளில் வெளியூர்களுக்குச் சென்று ஆடும் ஒரு டிராவல் அணியிலும் பிட்சராக (பந்து எறிபவராக) ஆடுகிறான். இப்போது மணிக்கு 84 மைல் வேகத்தில் வீசுகிறான். ஆண்டு முழுவதும் ஆடி, குளிர்காலத்தில் வேகம் கூட்டும் சிறப்புப் பயிற்சியிலும் சேர்ந்தால் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வில், தேர்வாக வாய்ப்புண்டு என்று டிராவல் அணியின் பயிற்சியாளர் சொல்கிறார். படிப்பு கெட்டுவிடும் என்று என் மனைவி கவலைப்படுகிறார். தொழில்முறை பிட்சராவது நம்பி இறங்கக்கூடிய தொழில்தானா? நாங்கள் இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறோம். அதனால் தடை வருமா? மேலும், ஆறு வாரமாக ஆட்டத்துக்கு மறுநாள் முழங்கையின் உட்புறம் வலிப்பதாகச் சொல்கிறான். ஐஸ் வைத்தால் குறைந்துவிடுகிறது. நானும் ஊரில் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவன்தான், வலியோடுதான் ஆடினோம். முழங்கை நாரைப் புதிதாக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சையை முன்கூட்டியே செய்துகொண்டால் கை இன்னும் வலுவாகும் என்று அணியிலுள்ள இன்னொரு பையனின் தந்தை சொல்கிறார். அது உண்மையா?

பதில் அளிப்பவர்: விளையாட்டுக் காயங்களுக்கான எலும்பு மூட்டு மருத்துவர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் "மேலும்" என்று தொடங்கி, போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டிராஃப்ட், விசா, படிப்பு எல்லாம் சில மாதங்கள் காத்திருக்கும். ஆறு வாரமாக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்பது காத்திருக்காது.

ஆட்டத்துக்கு மறுநாள் பிட்சரின் தோள்பட்டையின் பின்புறமும் முன்கைத் தசைகளும் கடுப்பது இயல்புதான். அந்தக் கடுப்பு பரவலாக இருக்கும், இரண்டு நாளில் போய்விடும், இன்ன இடத்தில்தான் வலிக்கிறது என்று தொட்டுக் காட்ட முடியாது. உங்கள் மகனை உட்கார வைத்து, வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொல்லுங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் புடைத்துத் தெரியும் எலும்பு முனையின் மீதோ அதற்கு ஓர் அங்குலம் கீழேயோ அந்த விரல் போய் நின்றால், மருத்துவர் பார்க்கும்வரை அவன் பந்தைக் கையில் எடுக்கக்கூடாது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றனவா, கையை முழுவதுமாக நீட்ட முடிகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் வலியை அடக்குமே தவிர, உள்ளே நடப்பதை மாற்றாது. ஆட்டத்துக்கு முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் அவனிடம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இந்த வயதுப் பையன்கள் அதைப் பெற்றோரிடம் சொல்வதில்லை.

அந்த எலும்பு முனையிலிருந்து முன்கை எலும்பின் மேற்பகுதிக்கு ஓடும் சிறிய லிகமென்ட்தான், அதாவது தசைநார்தான், பிட்சரின் பிழைப்பையே தாங்கி நிற்பது. பிட்சர் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, மார்பைத் திருப்பிய பிறகும் அவர் கை பின்னால் மல்லாந்து கிடக்கும். அங்கிருந்து அது முன்னால் சுழல்கையில் தோள் மூட்டு வினாடிக்கு 7,000 பாகை அளவிலான வேகத்தை எட்டுகிறது. மனித உடலில் அளக்கப்பட்ட அசைவுகளிலேயே மிக வேகமானவற்றுள் இதுவும் ஒன்று. அந்த நொடியில் முழங்கையின் உட்புறம் பிளந்து திறக்கப் பார்க்கிறது. அதைத் திறக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பது அந்த நாரும், அதன் மேல் படர்ந்திருக்கும் முன்கைத் தசைகளும்தான். தசை சோர்ந்துவிட்டால் பாரம் முழுவதும் நாரின் மீது விழுகிறது. கிணற்றுக் கயிறு போல அது ஒரே நாளில் அறுவதில்லை. இழை இழையாக நைந்து, ஒரு நாள் சாதாரண வாளிக்கே விட்டுப்போகிறது.

நீங்கள் கிரிக்கெட் ஆடிய அனுபவம் இங்கே உதவாது என்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடி வந்த வேகத்தைப் பயன்படுத்தி, முழங்கையை மடக்கி நீட்டாமல் கையைச் சுழற்றுகிறார். அவருக்குப் பெரும்பாலும் கெடுவது கீழ்முதுகு எலும்பு. பேஸ்பால் பிட்சர் நின்ற இடத்திலிருந்து, மடக்கிய முழங்கையைச் சாட்டை வீசுவதுபோல் நீட்டி எறிகிறார். அவருக்குக் கெடுவது முழங்கையும் தோளும். வலியோடு ஆடிப் பழகிய உங்கள் தலைமுறையின் வீரம் பாராட்டத்தக்கதே. ஆனால் உங்கள் மகனின் வலி வேறு இடத்து வலி.

பதினாறு வயது என்பதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்த எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இந்த வயதில்தான் மூடுகிறது. தட்டு திறந்திருக்கும்வரை இழுவிசைக்கு முதலில் பாதிக்கப்படுவது அதுதான். மூடிய பிறகு அடுத்த அடி நாருக்கு விழும். ஆகவே மருத்துவர் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ கேட்பார். குடும்ப மருத்துவரோடு நிறுத்திக்கொள்ளாமல், பந்து எறிபவர்களின் முழங்கைகளை வழக்கமாகப் பார்க்கும் விளையாட்டு மருத்துவரிடமே செல்லுங்கள். உங்கள் டாலஸ் வட்டாரத்தில் அத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. வளர்ச்சித் தட்டு எரிச்சல் மட்டும் என்றால் சில வார ஓய்வும் பிசியோதெரப்பியும் போதும், அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது. நாரில் பகுதிக் கிழிசல் என்றாலும் முதலில் ஓய்வுதான்.

இனி டாமி ஜான். 1974 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சரான டாமி ஜானின் நார் ஆட்டத்தின் நடுவே அறுந்தது. அதுவரை அந்தக் காயத்துக்கு ஆட்டத்தையே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், செப்டம்பர் 25 அன்று, டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாணை) எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துப் புதிய நாராக்கினார். நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 1976 இல் ஆடுகளம் திரும்பிய டாமி ஜான், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகளைக் குவித்து, 1989 வரை ஆடினார். அந்தத் தசைநாண் இல்லாமலே பிறப்பவர்களும் உண்டு. கட்டை விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை லேசாக மடக்கினால், மணிக்கட்டின் நடுவே ஒரு நாண் துருத்திக்கொண்டு தெரிகிறதா என்று உங்கள் கையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்ல கதை இருப்பதால்தான், நல்ல கையையும் அறுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்ற விபரீத எண்ணம் பெற்றோர்களிடையே உலவுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்டது முழுத் தவறு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலர் முன்பைவிட வேகமாக வீசுவது உண்மைதான். ஆனால் கிழிந்த நாரோடு வீசிக்கொண்டிருந்த கடைசி மாதங்களின் வேகத்தோடு ஒப்பிடுவதாலும், ஓராண்டுக்கு மேல் ஒழுங்காகக் கால், இடுப்பு, தோள் பயிற்சி செய்ததாலும், பையன் வளர்ந்துவிட்டதாலும் வந்த வேகம் அது. தைத்த நார் தந்ததன்று. மீண்டும் ஆட்டத்தில் வீச 12 முதல் 18 மாதங்கள் ஆகும். பெரும்பாலோர் திரும்புகிறார்கள், எல்லோரும் பழைய தரத்துக்குத் திரும்புவதில்லை. சிலருக்கு இரண்டாவது முறையும் கிழிகிறது. பிட்சர் ஜேக்கப் டிகிராம் 2010 இல் டிராஃப்டில் தேர்வான சில மாதங்களிலேயே முதல் அறுவை சிகிச்சைக்குப் போனார். பிறகு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வென்றார். 2022 டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுடன் 5 ஆண்டுகளுக்கு 18.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட அடுத்த ஜூனில் இரண்டாவது அறுவை சிகிச்சை.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 1996 இல் ஆர்.ஏ. டிக்கி என்ற பிட்சரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த ரேஞ்சர்ஸ், மருத்துவப் பரிசோதனையில் அவருடைய முழங்கையில் அந்த நாரே இல்லை என்று கண்டு, 8,10,000 டாலர் பேசியிருந்த தொகையை 75,000 டாலராகக் குறைத்தது. அவர் பின்னர் வேகத்தை விட்டு, சுழலாமல் தள்ளாடி வரும் நக்கிள்பால் வீசக் கற்று, 2012 இல் சை யங் விருது பெற்றார். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, அணிகள் பையனின் கையை எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கின்றன என்பதை மட்டுமே. இன்று எம்ஆர்ஐயில் தெரியும் ஒரு கீறல், நாளை ஒப்பந்தத் தொகையில் தெரியும்.

பயிற்சியாளர் சொல்லும் "ஆண்டு முழுவதும்" என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தார் 481 இளம் பிட்சர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு (தொழில்முறை ஆட்டம் ஒன்றில் ஒன்பது) மேல் வீசியவர்களுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு இருந்தது. அதற்கு முன்பு 2006 இல் வந்த ஆய்வு, கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு என்றது. எண்ணிக்கையைவிடச் சோர்வு பெரிய எதிரி என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தொழில்முறை பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் அமைப்பும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014 இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வரம்புகளின்படி, 15, 16 வயதில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 95 பிட்ச் (எறிதல்). 76 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. 61 முதல் 75 வரை மூன்று நாள். 46 முதல் 60 வரை இரண்டு. 31 முதல் 45 வரை ஒன்று. ஆண்டுக்கு மொத்தம் 100 இன்னிங்ஸ். போட்டிகளில் பிட்ச் செய்வதிலிருந்து ஆண்டுக்கு நான்கு மாதமாவது விலக்கு, அதில் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாகத் தோளுக்கு மேலே கை தூக்கி எறிவதே கூடாது. டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளிலும் பிட்ச் வரம்பு உண்டு. சிக்கல் என்னவென்றால், பள்ளிப் பயிற்சியாளர் பள்ளிக் கணக்கை மட்டுமே பார்க்கிறார், டிராவல் பயிற்சியாளர் தன் கணக்கை மட்டுமே பார்க்கிறார். வியாழக்கிழமை பள்ளிக்காக 70 பிட்ச் வீசிய கை சனிக்கிழமை வேறு சட்டையில் "புதிதாக" வந்து நிற்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, எந்த அணி, ஆட்டத்தில் எத்தனை பிட்ச், ஆட்டத்துக்கு முன் புல்பென்னில் (கையைச் சூடேற்றும் இடத்தில்) எத்தனை, மறுநாள் காலை முழங்கை எப்படி என்று ஐந்து கட்டம் போதும். இடக்கையர் என்பதால் அவனைக் கேட்சராக (பிட்சரின் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிபவராக) நிறுத்த மாட்டார்கள். அந்த வகையில் ஒரு தொல்லை குறைவு. ஆனால் வீசி முடித்த கையோடு தொலைவிலுள்ள சென்டர் ஃபீல்டில் நிறுத்தி, அங்கிருந்து ஹோம் பிளேட்டுக்கு, அதாவது மட்டையாளர் நிற்கும் இடத்துக்கு, எறியவைப்பார்கள். அதையும் எழுதுங்கள்.

வேகம் கூட்டும் பயிற்சியைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணமே இருக்கிறது. வேகம் இல்லாமல் இன்று மேலே போக முடியாது என்று பயிற்சியாளர் சொல்வது பொய்யன்று. மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008 இல் மணிக்கு 91 மைலுக்குச் சற்று மேல் இருந்தது. 2024 இல் அது 94ஐத் தாண்டிவிட்டது. அதே மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, பிட்சர்களின் காயப் பெருக்கத்துக்கு இந்த வேகத் துரத்தலும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசும் பழக்கமும் காரணம் என்று சுட்டிக்காட்டியிருக்கிறது. எடை கூட்டிய பந்துகளைப் பள்ளி வயதுப் பிட்சர்களுக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த 2018 ஆண்டு ஆய்வு ஒன்றில், வேகம் உண்மையிலேயே கூடியது. அந்தக் குழுவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் காயமும் வந்தது, சாதாரணப் பயிற்சி செய்த குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. உங்கள் மகனுக்கு வலி முற்றிலும் நீங்கி, மருத்துவர் அனுமதித்து, இன்னும் ஒரு வயது கூடிய பிறகு இதைப் பற்றிப் பேசலாம். அதுவரை தொடை, இடுப்பு, முதுகுத் தசைகளை வளர்க்கும் பயிற்சிக்கு அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். பந்தின் வேகத்தில் பெரும்பங்கு கைக்கு வருவதற்கு முன்பே, காலிலும் உடம்பிலும் உருவாகிவிடுகிறது. 16 வயதில் இடக்கையில் 84 மைல் என்பது நல்ல எண்தான். வேகம் குறைந்த சேஞ்ச்அப் பந்தை ஃபாஸ்ட்பாலின் அதே கையசைவோடு வீச அவன் கற்றுக்கொண்டால், ராடார் துப்பாக்கியில் தெரியாத முன்னேற்றமாக அது இருக்கும், கையையும் கெடுக்காது.

இப்போது தொழிலைப் பற்றி. பிரிஸ்கோவில் இருந்துகொண்டே நீங்கள் இந்தத் தொழிலின் நடுப்படியை நேரில் பார்க்கலாம். உங்கள் ஊர் ரஃப்ரைடர்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி, அதாவது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள அணி. 2024 கோடையில் அங்கே வீசிய பிட்சர்களுள் குமார் ராக்கரும் ஒருவர். தாய்வழியில் இந்திய வம்சாவளி. 2018 இல் பள்ளி முடித்தபோது கொலராடோ அணி 38ஆவது சுற்றில் தேர்ந்தெடுத்தும், அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மறு ஆண்டே கல்லூரி நாக்-அவுட் கட்டத்தில் டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தார், அதாவது தன் எறிதலாலேயே ஆட்டமிழக்க வைத்தார். 2021 டிராஃப்டில் பத்தாவதாக அவரை எடுத்த நியூயார்க் மெட்ஸ், 60 லட்சம் டாலர் பேசிவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தமே போடவில்லை. அந்தச் செப்டம்பரில் தோளில் அறுவை சிகிச்சை. 2022 இல் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. 2023 மே மாதம் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் முதல் மேஜர் லீக் ஆட்டம். நாட்டிலேயே மிகச் சிறந்த கல்லூரிப் பிட்சர்களுள் ஒருவராகக் கருதப்பட்டவரின் பாதையே இவ்வளவு மேடு பள்ளமாக இருந்திருக்கிறது என்றால், மற்றவர்களின் பாதை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஆனால் கவனியுங்கள்: எந்த இடத்திலும் அவர் தெருவில் நிற்கவில்லை. கல்லூரி ஆண்டுகள் அவருக்கு அடித்தளமாக இருந்தன.

டிராஃப்டில் இப்போது 20 சுற்றுகள்தான். 30 அணிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 600க்குச் சற்று மேற்பட்டவர்களை எடுக்கின்றன. மேஜர் லீக் அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. கூட்டிப் பார்த்தால், ஒரு சமயத்தில் உலகெங்கும் இந்த வேலையில் இருப்பவர்கள் 400 பேர்கூட இல்லை. கீழே 120 மைனர் லீக் அணிகள். அங்கே 2023 ஒப்பந்தப்படி அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் சிங்கிள்-ஏ அணியில் 26,200 டாலர், டபுள்-ஏவில் 30,250, டிரிபிள்-ஏவில் 35,800. தங்குமிடத்தை இப்போது அணிகளே தருகின்றன என்பது ஓர் ஆறுதல். மேலே ஏறிவிட்டால் 2026 பருவத்தின் குறைந்தபட்ச ஊதியம் 7,80,000 டாலர். ஆனால் அங்கே பொதுவாக மூன்று ஆண்டு பணிக்காலம் கடந்தால்தான் ஊதியத்தைப் பேரம் பேச நடுவரிடம் போக முடியும்; ஆறு ஆண்டு முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போக முடியும். கோடிகள் கிடைப்பது அதற்குப் பிறகு. அந்த ஆறு ஆண்டை முழங்கை தாண்டுமா என்பதே இந்தத் தொழிலின் மையக் கேள்வி.

இந்தியாவிலிருந்து நேரடியாகப் போனவர்களையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2008 இல் நடந்த திறன் தேடல் போட்டி வழியாக ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு உத்தரப் பிரதேச இளைஞர்கள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். இருவரும் அதற்கு முன் ஈட்டி எறிபவர்கள். தினேஷை அணி 2010 இல் விடுவித்தது. உங்கள் மகனைப் போலவே இடக்கையரான ரிங்கு மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் நன்றாகவே வீசினார். பின்னர் காயங்களால் பல பருவங்கள் ஆட இயலாமல், 2018 இல் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறிவிட்டார். மேஜர் லீக்கை அவர் தொடவில்லை.

எனவே, இது நம்பி இறங்கக்கூடிய தொழிலா என்றால், இல்லை. முயன்று பார்க்கக்கூடிய தொழிலா என்றால், ஆம். கல்லூரி வழியாக மட்டும். உங்கள் மனைவியின் கவலையும் பயிற்சியாளரின் ஆசையும் இங்கே ஒரே பாதையில் வந்து சேர்கின்றன. பள்ளி முடிந்ததும் டிராஃப்டில் போவது, ஏழு இலக்கத் தொகை மேசையில் வைக்கப்படும் பையன்களுக்கான வழி. மற்றவர்கள் நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்று ஆண்டு முடித்தோ 21 வயதானதுமோ மீண்டும் டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார்கள். ஈராண்டு ஜூனியர் கல்லூரி என்றால் எந்த ஆண்டும். அந்த வயதில் உடம்பு முதிர்ந்திருக்கும், பட்டத்தின் பெரும்பகுதி கையில் இருக்கும். டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது களத்தடுப்பாளராக, ஆடியவர். ஒன்பதாவது சுற்றில் எடுக்கப்பட்டு, 25 வயதில்தான் மேஜர் லீக்கில் முதல் பந்தை வீசினார். 16 வயதில் எதுவும் முடிந்துவிடுவதில்லை. மதிப்பெண்ணும் இதில் நேரடியாகப் பணமாகிறது: படிப்புக்கான உதவித்தொகையோடு வருகிற பிட்சரை எடுத்துக்கொள்வது பயிற்சியாளருக்கு எளிது. 2025 முதல் பெரிய கல்லூரிகளில் அணியின் அளவு 34 பேர் என்று சுருங்கிவிட்டதால், முதலாண்டு மாணவர்களுக்கான இடங்களும் குறைந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா என் துறையன்று. குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டே முடிவெடுங்கள். என்னிடம் வரும் குடும்பங்களின் அனுபவத்தில் நான் அறிந்தவரை, அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் மாணவர் குடியுரிமை இல்லாவிட்டாலும் டிராஃப்டுக்கு உட்பட்டவரே. ஒப்பந்தமானால் அணி அவருக்கு விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) வகை விசா பெற்றுத் தர வேண்டியிருக்கும். 2006 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு மைனர் லீக் வீரர்களுக்கும் அது கிடைக்கிறது. உங்கள் மகன் உங்கள் விசாவைச் சார்ந்த எச்-4 இல் இருந்தால் 21 வயதில் அந்த நிலை முடிந்துவிடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அனுமதித்துச் சம்பாதிக்கும் விளம்பர வருமானத்தை மாணவர் விசாவில் இருப்பவர் வாங்கினால், விசாவுக்கே ஆபத்து நேரலாம். யார் எந்தத் தாளை நீட்டினாலும் வழக்கறிஞர் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பள்ளிப் பயிற்சியாளருக்கும் டிராவல் பயிற்சியாளருக்கும் ஒரே மின்னஞ்சலில், முழங்கை வலி காரணமாக மருத்துவர் அனுமதிக்கும்வரை மகன் எறிய மாட்டான் என்று எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் "இன்னும் ஒரு இன்னிங்ஸ் மட்டும்" என்ற பேச்சு வரும். இலையுதிர் காலப் போட்டிகளுக்குப் பணம் கட்டியிருந்தால், போனால் போகட்டும். டெக்சாஸில் பள்ளிப் பருவம் பிப்ரவரியில்தான் தொடங்குகிறது, எனவே டிசம்பர் நடுப்பகுதிவரை ஓய்வெடுத்து, பிறகு மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டி எறியத் தொடங்கினாலும் அவன் எதையும் இழக்கப்போவதில்லை. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.

பதினோராம் வகுப்பில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் தொலைபேசியில் பேசத் தொடங்குவார்கள். அப்போது உதவித்தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் பிட்சர்களில் எத்தனை பேர் முழங்கை அல்லது தோள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள், முதலாண்டு மாணவர்களை ஒரு வார இறுதியில் எத்தனை நாள் வீசவைக்கிறீர்கள், காயம்பட்ட ஆண்டில் அந்த மாணவரின் உதவித்தொகை தொடர்ந்ததா என்று கேளுங்கள். எண்களோடு பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசுங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பவரிடம் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.